சிலிண்டருக்குக் கட்டிய சங்கிலி

பாலைவனத்தில் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று மாப்பிள்ளை சொன்னால் எந்தப் பெண் நம்புவாள்? பானுப்பிரியாவும் நம்பவில்லை. ஏற்கெனவே இரண்டு முகூர்த்தம் தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை என்றான் வீரபாண்டி. இரண்டாம் தடவை லீவு கொடுத்துவிட்டார்கள், வண்டியை வாங்கிக்கொள்ள மாற்று டிரைவர் வரவில்லை என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டையில் முகூர்த்தம், வெள்ளிக்கிழமை ராத்திரி சார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானம் என்று எல்லாம் கூடிவந்திருக்கும்போது, வெள்ளிக்கிழமை விடிந்ததும் போன் பண்ணிச் சேறு என்கிறான்.

பானுப்பிரியா அவனிடம் பேசவில்லை. அவன் தங்கச்சி கனகாவைத்தான் கூப்பிட்டாள்.

"ஒங்க அண்ணனுக்குக் கல்யாணம் வேண்டான்னா வேண்டான்னு சொல்லட்டும் கனகா. கேட்டுக்கிட்டு நான் பாட்டுக்கு ஸ்கேன் சென்டருக்கு வேலைக்குப் போயிருவேன். பாலைவனத்துல சேறுங்கிற ஆளக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது? நாளைக்கி ஏன் லேட்டுன்னு கேட்டா கடல் வத்திப்போச்சும்பாரு."

"அண்ணி, நெசமாவே மழை. ராத்திரி பூரா ஊத்துது."

"அங்க ஒட்டகந்தான இருக்குது?"

"ஒட்டகமும் நனையுது அண்ணி."

போனை வைத்துவிட்டுக் கனகா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். ராஸ் அல் கைமாவின் நக்கீல் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். மலைப்பக்கம் இன்னும் கறுத்துக் கிடந்தது. இந்த ஊரில் வருசம் முழுக்கத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்க வேண்டும். ஒருநாள் சும்மா கொடுத்தால் ஊரே படுத்துவிடும்.

கனகாவுக்கு வயது இருபத்தைந்து. அவள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அவள் அப்பா ஒரத்தநாட்டில் அடுத்தவர் டிராக்டரைக் கூலிக்கு ஓட்டுகிறவர். அண்ணன் பத்தாவதில் கோட்டைவிட்டுவிட்டு, அதற்காக ஒருநாளும் வருத்தப்படாமல், லாரி பழகி இங்கே வந்து கல் குவாரி ஒன்றில் டிப்பர் ஓட்டினான். அதே கம்பெனி ஆபீசில் டிரான்ஸ்போர்ட் கோஆர்டினேட்டர் என்ற பெரிய பெயரில் கனகாவுக்கு வேலை. எந்த லாரி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும், ஆபீஸ்பாய் லீவு போட்ட நாளில் டீ எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் அவள் பொறுப்பு. சேர்ந்து ஒரு வருசம் ஆகவில்லையாதலால் அண்ணன் கல்யாணத்துக்கே லீவு கிடையாது. தாலி கட்டுவதைப் போட்டிம் வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படிச் சொன்னவர் யார்டு மேனேஜர் சோலையப்பன். சென்னைக்காரர் என்று சொல்லிக்கொள்வார். அவரைத்தான் அடுத்துக் கூப்பிட்டாள்.

"சார், எங்கண்ணன் குவாரி பின்ரோட்டுல நிக்கிறாரு. வண்டி அங்கயே நிக்கட்டும். நீங்க பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க, ஆள அனுப்பிரலாம்."

"வண்டி யார்டுக்குள்ள வரணும்மா. செக் பண்ணணும். அப்புறந்தான் பாஸ்போர்ட். இந்த ரூல் நான் போட்டது இல்ல."

"பாஸ்போர்ட்ட நீங்க வாங்கி வச்சிருக்கிறதே தப்பு சார். இந்த ஊரு சட்டத்துலயே தப்பு."

"ஒரு பத்திரத்துக்காக வச்சிருக்கோம்."

"அவருக்கு முப்பத்தோரு வயசு. ஒரு பொண்ணக் காப்பாத்தப்போறாரு. ஒரு சின்னப் புஸ்தகத்தக் காப்பாத்தத் தெரியாதா?"

"காலங்காத்தால சண்டைக்கி வராத கனகா. கல் அள்ளுற லோடர் அனுப்பியிருக்கேன். இழுத்துரும்."

லோடர் இழுக்கவில்லை. இழுக்க வந்த இடத்தில் தானும் உட்கார்ந்துகொண்டது. அந்தச் செய்தியை வீரபாண்டி சிரித்துக்கொண்டே போனில் சொன்னான். இந்தக் குடும்பத்தில் கோபமெல்லாம் தங்கச்சிக்கும் சிரிப்பெல்லாம் அண்ணனுக்கும் போய்விட்டது.

"ரெண்டு எருமையும் ஒண்ணாப் படுத்துருச்சு கனகா. லோடர் ஓட்டுற ஹசன் அலி பாய் அது பக்கெட்டுலயே ஒக்காந்து டீ போடுறாரு."

"சிரிக்காதண்ணே. அண்ணி அங்க வேலைக்குப் போறேங்குது."

"போவட்டுமே, ரெண்டு சம்பளம் வரும்."

"வேலைக்குப் போறேன்னா ஒன்னக் கட்டிக்க மாட்டேன்னு அர்த்தம்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

கனகா குடியிருந்தது கௌஸ் முகைதீன் வீட்டில் ஓர் அறை. அதிராம்பட்டினத்துக்காரர். கீழே லாரி உதிரிபாகக் கடை, மேலே வீடு. அந்த ஊர் வழக்கப்படி அவர் கனகாவுக்குக் காக்கா, அதாவது அண்ணன்; அவர் மனைவி மெஹர்பானு லாத்தா, அக்கா. அண்ணனும் தங்கச்சியும் ஞாயிற்றுக்கிழமைச் சோறு சாப்பிடுவது அந்த வீட்டில்தான். வீரபாண்டிக்கு வாங்கிய பட்டுவேட்டி, பானுப்பிரியாவுக்கு வாங்கிய செண்டு பாட்டில், சொந்தக்காரர்களுக்கான பாதாம், பேரீச்சை எல்லாம் மெஹர்பானுவின் கட்டிலுக்கடியில்தான் பெட்டியாகிக் கிடந்தன.

அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த மெஹர்பானு கேட்டாள். "ஏன் புள்ள இஞ்சியத் தின்ன மாதிரி நிக்கிற?"

"லாத்தா, பால்கனியில இருக்குற சங்கிலி வேணும்."

"எந்தச் சங்கிலி? சிலிண்டர் சங்கிலியா? அதெல்லாம் தர ஏலாது. காத்துக்கு ரெண்டு சிலிண்டரும் உருண்டு கீழ கார் மேல விழுந்துச்சுண்டா யார் பதில் சொல்றது?"

அது சிலிண்டர் சங்கிலி இல்லை. ஜெர்மனியிலிருந்து சார்ஜாவுக்கு ஏலத்துக்கு வந்த பழைய லாரி ஒன்றைக் கௌஸ் முகைதீன் வாங்கிப் பிரித்தபோது, அதன் டூல்பாக்சில் கிடந்த பனிச்சங்கிலி. பனி மூடிய மலைச்சாலையில் லாரி டயரைச் சுற்றி வலைபோல மாட்டுவது. ராஸ் அல் கைமாவில் அதை வாங்க நாதியில்லாததால் மேலே வந்து கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்தது. போன டிசம்பர் மழையில் வண்டிகள் சேற்றில் நின்றபோது, இந்த மாதிரிச் சங்கிலி வாங்கி வைக்கலாம் சார் என்று கனகா மீட்டிங்கில் சொன்னாள். சோலையப்பன், அப்படியே டிரைவர்களுக்கு ஸ்வெட்டரும் வாங்கிரலாமா என்று கேட்டார். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆபீசில் அவள் பெயர் ஐஸ் இன்ஜினியர். அந்தப் பெயரை அவள் யாருக்கும் மன்னிக்கவில்லை.

"லாத்தா, இன்னைக்கி அண்ணன் போவலன்னா கல்யாணம் கெடயாது."

மெஹர்பானு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பால்கனிக்குப் போய்த் தானே சங்கிலி இரண்டையும் அவிழ்த்தாள். சிலிண்டர் இரண்டையும் அடுப்படிக்குள் உருட்டினாள். பிறகு கணவரை எழுப்பினாள்.

"என்னங்க, எந்திரிங்க. மாப்பிள்ளைய இழுக்கப் போவணும்."

கௌஸ் முகைதீன் பிக்கப்பில் சங்கிலி இரண்டும் ஏறின. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கூடவே டப்பாவில் இடியாப்பம், கோழி ஆணம் என்கிற குழம்பு, நேற்று எண்ணெயில் சுட்ட இறால் வாடா. முன்சீட்டுக்குப் பின்னால் வெள்ளை ஜிப்பாவும் கைலியும் மடித்து ஒரு பையில் தொங்கின.

"அது எதுக்கு காக்கா?"

"ஜும்மாத் தொழுகை இருக்குதுல. சேத்தோட பள்ளிக்கிப் போவ முடியுமா? அதுக்குள்ள ஒன் அண்ணன எடுத்துருவமா இல்லையா?"

"எடுத்துருவோம்."

"நீ சொல்ற தொனியில அந்தச் சேறே பயந்து வழி விட்டுரும்."

குவாரி பின்ரோடு என்பது ரோடு இல்லை. சுண்ணாம்புக்கல் மலையிலிருந்து கிரஷருக்கு இறங்கும் தடம். நடுவில் ஓர் ஓடை. வருசம் பூராவும் டயர்கள் அரைத்து அரைத்துக் கல்லைத் தூளாக்கி முழங்காலளவுக்குச் சேர்த்து வைத்திருந்தன. அதில் மழை இறங்கியதும் தோசைமாவு மாதிரி ஆகிவிட்டது. புளிக்காத மாவு. காலை வைத்தால் செருப்பை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

டிப்பர் பின்சக்கரம் பாதி புதைந்து, பாரத்தோடு ஒருபக்கம் சாய்ந்து நின்றது. கல்லைக் கொட்டிவிட்டுக் கிளம்பலாமென்றால் சாய்மானத்தில் தொட்டியைத் தூக்கினால் வண்டியே கவிழும். அதற்கு முன்னால் மஞ்சள் லோடர். அதன் பக்கெட் நுனியில் ஹசன் அலி உட்கார்ந்து, தீப்பெட்டி அளவு அடுப்பில் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். பெஷாவர்க்காரர். பன்னிரண்டு தமிழ் வார்த்தை தெரியும். அதில் எட்டு சாப்பாடு.

"ஆவோ கனகா பெஹன். சாப்பிட்டாச்சா?"

"மொதல்ல இது பாய், அப்புறம் சாப்பாடு" என்று கனகா சங்கிலியைக் காட்டினாள்.

வீரபாண்டி தொடைவரை வெள்ளையாக நின்றான். முகத்திலும் சேறு. நலுங்கு வைத்த மாதிரி இருந்தது.

"ஏ கனகா, சிலிண்டர் சங்கிலிய ஏன் கொண்டாந்த?"

"டயருக்கு மாட்ட."

"மாட்டுனா?"

"நம்ம கேஜ் வீலு மாதிரி. சேத்தக் கடிச்சு ஏறும்."

அவன் முகம் மலர்ந்தது. கேஜ் வீல் என்றால் அவனுக்குப் பாஷை புரிந்துவிடும். நாற்று நடுமுன் சேறடிக்க, டிராக்டரின் பின்சக்கரத்தோடு மாட்டுகிற இரும்புக் கூண்டு அது. அவர்கள் அப்பா வாழ்நாளில் பாதியை அந்தக் கூண்டுகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்து ஓட்டினார்.

நாலு பேரும் சேற்றில் இறங்கினார்கள். முன்சக்கரத்துக்குப் போடலாமே என்றார் கௌஸ் முகைதீன்.

"முன்சக்கரம் திரும்பத்தான் காக்கா. தள்ளுறது பின்னாடி" என்றாள் கனகா.

வீரபாண்டி மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டினான். ஹசன் அலியும் கௌஸ் முகைதீனும் சங்கிலிகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டுவந்து டயரின் தலையில் சாத்தினார்கள். கனகா வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து உள்பக்கத்துக் கொக்கியை மாட்டினாள். சேறு கழுத்துவழியாக இறங்கி முதுகில் ஓடியது. இன்ஜினியரிங் படித்த நாலு வருசத்தில் ஒருநாளும் அவளை லாரிக்கடியில் படுக்க விடவில்லை. பெண்பிள்ளைகள் நோட்டில் படம் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வெளிப்பக்கத்துக் கொக்கியைக் கௌஸ் முகைதீன் மாட்டி இழுத்து முறுக்கினார்.

சரியாக அந்த நேரம் போட்டிமில் பானுப்பிரியா வந்தாள். கனகா சேற்றுக் கையால் போனைத் திருப்பிக் காட்டினாள்.

"பாத்துக்கங்க அண்ணி. இது லாரி. இது சேறு. இது ஒங்க மாப்பிள்ள."

"இது நெசமாவே அந்த ஊருதானா? ஒரத்தநாட்டுல யாரு வயல்லயாவது நின்னுக்கிட்டு ஏமாத்துறீங்களா?"

ஹசன் அலி திரைக்குள் தலையை நீட்டினார். "பாபி, சலாம். சாப்பிட்டாச்சா?"

பானுப்பிரியா திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு, "இவர ஒரத்தநாட்டுல பாத்தது இல்ல" என்றாள். "சரி, ஏறுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

வீரபாண்டி ஏறி உட்கார்ந்தான். கனகா பக்கவாட்டில் தள்ளி நின்றாள். இன்ஜின் உறுமியதும் அவளுக்குள் எதுவோ கிளம்பிவிட்டது. சின்ன வயசில் வரப்பில் நின்று அப்பாவைப் பார்த்துக் கத்துவதுபோலவே கத்தினாள்.

"மிதிண்ணே. நல்லா மிதி."

அவனும் அப்பா பிள்ளைதானே. மிதித்தான்.

சக்கரம் சுழன்றது. சேறு வானத்துக்குப் போய் எல்லார் தலையிலும் இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம். இடதுபக்கச் சங்கிலி அறுந்து, சாட்டை மாதிரி விசிறி மட்கார்டைப் பிய்த்துக்கொண்டு போய் லோடர் டயரில் விழுந்தது. ஹசன் அலியின் டீ கவிழ்ந்தது. லாரி முன்னால் ஒரு சாண்கூட நகரவில்லை. கீழேதான் ஒரு சாண் போயிருந்தது.

போனிலிருந்து மட்டும் குரல் வந்தது. "என்ன, கெளம்பிருச்சா?"

"இல்ல அண்ணி" என்று சொல்லிக் கனகா அணைத்தாள்.

கௌஸ் முகைதீன் தாடியிலிருந்து சேற்றை வழித்தார். வாயைத் திறக்கவில்லை. அதுதான் கனகாவுக்கு அதிகமாகச் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"நீ ஏண்ணே அப்படி மிதிச்ச?"

"நீதான மிதிக்கச் சொன்ன?"

"சொன்னா மிதிச்சிருவியா? ஒனக்குப் புத்தி இல்லையா?"

"காலேஜ் போனது நீ" என்றான் வீரபாண்டி. அவனும் இப்போது சிரிக்கவில்லை. கதவைத் திறந்தபடி உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "விடு கனகா. மூணாவது தடவ. இனிமே அந்தப் பொண்ணு மொகத்துல நான் எப்படி முழிக்கிறது? வேற எடம் பாக்கச் சொல்லிரு."

கனகா போய் அறுந்த சங்கிலியின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு வளையம் வாய் பிளந்திருந்தது. சக்கரம் சுழன்ற குழிக்குள் கையை விட்டாள். முழங்கை வரை மாவு. அதற்கும் கீழே விரலில் கெட்டியாகக் கல் தட்டுப்பட்டது.

அங்கேயே குந்தி யோசித்தாள். வயலில் கேஜ் வீல் சேற்றைக் கடிப்பதற்காகவா ஓடுகிறது? கலக்குவதற்காக ஓடுகிறது. எவ்வளவு கலக்குகிறதோ அவ்வளவு நல்லது. அதனால்தான் மிதி. இங்கே யார் நாற்று நடப்போகிறார்கள்? சங்கிலிக்கு, சேற்றுக்கு அடியில் இருக்கிற கல் வேண்டும். கல்லைப் பிடிக்க அவகாசம் வேண்டும். இவ்வளவையும் படித்துவிட்டு, வரப்பில் நின்ற பழக்கத்தில் கத்தியிருக்கிறாள்.

"நாந்தான் தப்பாச் சொன்னேன்" என்று எழுந்தாள். "நம்ம வயல்னு நெனச்சுட்டேன். இது வேற. மிதிக்கவே கூடாது. ஊரணும். பாய், ஒங்க லோடர்ல ஷாக்கிள் இருக்கா?"

லோடரிலிருந்து இரும்பு மாட்டி ஒன்று வந்தது. பிளந்த வளையத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அதை வைத்துத் திருகினார்கள். டிப்பரின் பின்கதவை ஒருகை அகலம் மட்டும் திறந்து, கொட்டிய ஜல்லியை வாரிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு மிதித்துக் கெட்டித்தார்கள். பாரமும் கொஞ்சம் குறைந்தது. கௌஸ் முகைதீன் இடையில் வானத்தைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், மறுபடி குனிந்து ஜல்லி வாரினார். பசி தாங்காமல் நாலு பேரும் நின்றபடியே இறால் வாடாவைத் தின்றார்கள். சேறும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். வாடா கறுக்மொறுக்கென்று இருந்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"முதல் கியர். ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சுத்துற மாதிரி லாக்கப் போட்டுக்க. ஆக்சிலேட்டர்ல காலே வைக்காத."

"காலே வைக்காமயா?"

"தூங்குற புள்ள மேல கை வச்ச மாதிரி வையி."

"எனக்கு எங்க புள்ள இருக்குது?"

"மொதல்ல ஏறி வெளிய வா, அப்புறம் பொறக்கும்."

ஹசன் அலிக்கு இது எப்படிப் புரிந்ததோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்தத் தடவை இன்ஜின் முனகியது, அவ்வளவுதான். சக்கரம் சுற்றுகிறதா என்றே தெரியவில்லை. சங்கிலியின் ஒரு குறுக்குக்கண்ணி சேற்றுக்குள் போனது. இன்னொன்று போனது. அடியில் எங்கேயோ இரும்பு கல்லில் உரசும் சத்தம் நறநறவென்று கேட்டது. கனகா குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாரி தன் குழியின் விளிம்பில் தலையை வைத்து, யோசித்து, எறும்பு மாதிரி ஏறியது.

"நிறுத்து" என்றாள். அவன் நிறுத்தினான்.

"நல்லாத்தான போவுது?"

"சங்கிலி தொளதொளன்னு ஆயிருச்சு. இறுக்கிட்டுப் போவோம். இல்லன்னா திரும்ப அறுக்கும்."

இறுக்கினார்கள். மறுபடி ஊர்ந்தார்கள். ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறியதும் வீரபாண்டி ஹாரனை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். அங்கிருந்து கயிறு போட்டு லோடரையும் மெல்ல இழுக்க, அதுவும் புரண்டு எழுந்து வந்தது.

தார்ரோட்டில் ஏறுமுன் சங்கிலியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரோடும் போகும், சங்கிலியும் போகும். ஆனால் சுண்ணாம்புச் சேறு கொக்கிகளுக்குள் இறுகிப்போய், சுத்தியலால் தட்டினாலும் அசையவில்லை. யார்டு கண்ணுக்குத் தெரிகிற தூரம். வீரபாண்டி தார் ஓரத்து மண்ணிலேயே நடைவேகத்தில் உருட்டினான். மண் முடிந்து சிமெண்டுத் தரை வந்ததும் சங்கிலி பேச ஆரம்பித்தது. ஜலக் ஜலக்கென்று முன்னால் டிப்பர், அதற்குப் பின்னால் லோடர், கடைசியில் ஹாரனடித்துக்கொண்டு பிக்கப். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆட்கள் கைலியோடு வெளியே வந்து நின்றார்கள். விசில் பறந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு மேளம் சொல்லவில்லையே என்று வீட்டில் குறைப்பட்டார்களாம். இதைக் கேட்டிருந்தால் குறைப்பட்டிருக்கமாட்டார்கள்.

யார்டு வாசலில் சோலையப்பன் குடை பிடித்து நின்றார். வண்டியைச் சுற்றிவந்தார்.

"மட்கார்டு ஒடஞ்சிருக்கே."

"ஆமா சார்."

"இது டேமேஜ் கேஸ்ம்மா. மேல கேட்டுட்டுத்தான்..." என்றவர் சக்கரத்தைப் பார்த்தார். குரல் மாறியது. "இது அந்த ஐஸ் சங்கிலியா?"

"ஆமா சார்."

"முன்ரோட்டுல மூணு வண்டி நிக்குது கனகா. ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். இத அங்க அனுப்பிரலாம்ல?"

கனகா சேற்றுத் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"அனுப்பலாம் சார். மொதல்ல பாஸ்போர்ட் எங்கண்ணன் கையில வரணும். அது வர்ற வரைக்கும் இது மெஹர்பானு லாத்தாவோட சிலிண்டர் சங்கிலி. நான் அவங்களக் கேக்கணும்."

"மட்கார்டு..."

"மட்கார்டு என் பேர்ல எழுதிக்கங்க. ஐஸ் இன்ஜினியர் ஒடச்சதுன்னு எழுதுங்க."

சோலையப்பன் அவளைப் பார்த்தார். மூன்று வண்டிகளை நினைத்துக்கொண்டார் போலிருந்தது. குடையை அவளிடமே கொடுத்துவிட்டு நனைந்தபடி உள்ளே போய், லாக்கரைத் திறந்து எடுத்துவந்தார். வீரபாண்டி அதைத் தொடப் பயந்து கைகளைச் சட்டையில் துடைத்தான். சட்டையில் அதைவிட அதிகமாக இருந்தது. கடைசியில் கனகாதான் வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி அவன் பைக்குள் வைத்தாள். கொக்கிகளில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, சேறு கரைந்ததும் சங்கிலிகளைக் கழற்றி முன்ரோட்டுக்கு அனுப்பினார்கள்.

கௌஸ் முகைதீன் கேம்ப் குழாயில் குளித்து, வெள்ளை ஜிப்பாவோடு ஹசன் அலியையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார். பாங்கு சொல்லி முடித்திருந்தது, தொழுகை தொடங்கியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே சார்ஜா விமான நிலையத்துக்குள் போன வீரபாண்டி, கொஞ்ச நேரத்தில் போன் பண்ணினான்.

"கனகா, செக்கிங்ல நிறுத்திட்டாங்க."

"என்னாச்சு?"

"பாக்கெட்டுல அந்தப் பொளந்த வளையம் இருந்துச்சா, மிஷின் கத்திருச்சு."

"அத எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"பானுவுக்குக் காட்டத்தான். வாய்ல சொன்னா நம்புமா அது?"

"ஆபீசர் என்ன சொன்னாரு?"

"என்னன்னு கேட்டாரு. லாரி சேத்துல நின்னுருச்சு, எனக்குக் கல்யாணம்னேன். கண்ணாடி வழியா வெளிய மழையப் பாத்தாரு. மப்ரூக், நல்லா இருங்கன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாரு."

மறுநாள் காலை கனகா இடியாப்பத்தில் கைவைத்திருந்தாள். மெஹர்பானு, சிலிண்டருக்கு இனி எதைக் கட்டுவது என்று கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சோலையப்பன் கூப்பிட்டார்.

"கனகா, அந்தச் சங்கிலி அறுந்துபோச்சும்மா. வண்டி இன்னும் கீழ போயிருச்சு."

"மிதிச்சாங்களா சார்?"

ஆமா என்று ஒரு முனகல் வந்தது.

"யாரு மிதிக்கச் சொன்னது?"

"நான்தாம்மா" என்றார் சோலையப்பன். குரலில் சென்னை இல்லை. "சேறுன்னா மிதிச்சாத்தான ஏறும்? எங்க ஊர்ல கேஜ் வீலு அப்படித்தான்..."

"எந்த ஊரு சார் நீங்க?"

"திருத்துறைப்பூண்டி பக்கம்" என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

கனகா சிரித்துவிட்டாள். அண்ணனுக்கென்று ஒதுக்கிய சிரிப்பில் பாதி அவளிடமும் இருந்திருக்கிறது.

"யாரும் வண்டியில கால வைக்காதீங்க சார். நான் வந்து சொல்லித் தரேன். ஆனா நாளைக்கிக் காலைல எது மாட்டுனாலும் என்னக் கூப்பிடாதீங்க. எங்க வீட்டுல கல்யாணம்."